நாஜிக் கால யூத ஆவணங்கள்: படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெர்மனியின் பாட் அரோல்சென் ஊரில் இருக்கும் அரோல்சென் ஆவணக் காப்பகத்தில், நாஜிகளின் கொடுமைக்கு ஆளான சுமார் 1.75 கோடிப் பேரைப் பற்றிய தாள்கள் உள்ளன. அவற்றில் பெரும்பகுதியை இன்று யார் வேண்டுமானாலும் இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். பெயரைத் தட்டினால் முகாம் அட்டை திரையில் வந்துவிடுகிறது. அவ்வளவு சுலபமாகக் கிடைப்பதாலோ என்னவோ, அந்த அட்டையை நிரப்பியது கொலையாளிகளின் அலுவலகம் என்பதை மறந்துவிட்டுப் பலர் படிக்கிறார்கள். பெரும்பாலான தவறுகள் அங்கிருந்தே தொடங்குகின்றன.

மிக மோசமான தவறு, ஒரு முகாமின் பட்டியலில் பெயர் இல்லை என்பதால் அந்த மனிதர் அந்த முகாமுக்குக் கொண்டுபோகப்படவே இல்லை என்று முடிவுகட்டுவது. ஜெர்மனி ஆக்கிரமித்திருந்த போலந்தின் ஆஷ்விட்ஸ் முகாமுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் சுமார் 13 லட்சம் பேர். கைதி எண் கொடுத்துப் பதிவு செய்யப்பட்டவர்கள் ஏறக்குறைய 4 லட்சம் பேர்தான். வேலைக்கு உதவமாட்டார்கள் என்று ரயிலை விட்டு இறங்கியதுமே பிரிக்கப்பட்ட குழந்தைகளும் தாய்மார்களும் முதியவர்களும் நேரே நச்சுவாயு அறைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்கு எண்ணும் இல்லை, அட்டையும் இல்லை. 1944 மே முதல் ஜூலை வரை ஹங்கேரியிலிருந்து ஏற்றி அனுப்பப்பட்ட 4 லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்களில் பெரும்பாலோரின் கதி இதுதான். திரெப்ளிங்கா, சோபிபோர், பெல்ஸெக் ஆகிய இடங்கள் கொல்வதற்கென்றே கட்டப்பட்டவை. வந்து இறங்கியவர்களை அங்கே பெயர் எழுதிப் பதியவில்லை. கீவ் நகரத்தை ஒட்டிய பாபி யார் பள்ளத்தாக்கில் 1941 செப்டம்பர் 29, 30 ஆகிய இரண்டே நாளில் சுட்டுக் கொல்லப்பட்டவர்கள் 33,771 பேர் என்று கொன்ற படையே பெர்லினுக்கு அறிக்கை அனுப்பியது. கடைசி இலக்கம் வரை துல்லியமாக எண்ணியவர்கள், ஒருவரின் பெயரைக்கூட எழுதவில்லை. போதாததற்கு, 1945 ஜனவரியில் சோவியத் படை ஆஷ்விட்ஸை நெருங்கியபோது முகாம்களை நடத்திய நாஜிப் படையான எஸ்.எஸ். ஆட்கள் முகாமின் காகிதங்களைக் கட்டுக்கட்டாக எரித்தார்கள்.

இனப்படுகொலையை மறுப்பவர்கள் இந்த வெற்றிடத்தைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். ‘கொல்லப்பட்டதாகச் சொல்லும் 60 லட்சம் யூதர்களின் பெயரும் ஒரே பட்டியலில் இருக்கிறதா?’ என்று கேட்கிறார்கள். அந்தத் தொகை எந்த ஒரு பட்டியலையும் கூட்டி வந்ததல்ல. போருக்கு முன்னும் பின்னுமான மக்கள்தொகைக் கணக்குகள், ரயில் பட்டியல்கள், ஜெர்மானியரின் சொந்த அறிக்கைகள் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்து ஆய்வாளர்கள் நிறுவியது அது.

இனி, தாளில் இருப்பதை அப்படியே நம்பிவிடும் தவறு. ஆஷ்விட்ஸ் இறப்புப் பதிவேடுகளில் சுமார் 69,000 பெயர்கள் எஞ்சியிருக்கின்றன. இறப்புக்குக் காரணம் என்று மாரடைப்பு, நிமோனியா என்றெல்லாம் மருத்துவர் கையெழுத்தோடு எழுதியிருக்கும். அடித்துக் கொன்றவர்களுக்கும் சுட்டுக் கொன்றவர்களுக்கும் இதே காரணங்களைத்தான் எழுதினார்கள். வேறு தாள்களில் கொலையை மறைக்க எழுதிய ‘கிழக்கே வெளியேற்றம்’, ‘சிறப்பு நடவடிக்கை’ போன்ற சொற்களைத் தமிழில் தருகிறவர்கள் மேற்கோள்குறியை விட்டுவிட்டால் கொலைகாரனின் பொய் நம் வாக்கியமாகிவிடும். ‘குற்றவாளி’ என்ற முத்திரையும் அப்படித்தான். 1935-இன் நியூரம்பர்க் சட்டப்படி, யூதர் ஒருவர் யூதரல்லாத ஜெர்மன் பெண்ணோடு உறவு கொண்டதே சிறைக்குப் போகப் போதுமான குற்றம்.

பெயர்களில் ஒரு கண்ணி இருக்கிறது. ஜெர்மன் யூதர்களின் தாள்களில் பெண்களுக்கெல்லாம் ‘சாரா’, ஆண்களுக்கெல்லாம் ‘இஸ்ரேல்’ என்று ஒரு நடுப்பெயர் வரும். பெரும்பாலும் அது பெற்றோர் வைத்த பெயரல்ல. 1939 ஜனவரி 1 முதல் சட்டம் போட்டுத் திணித்தது. குடும்ப வரலாறு எழுதும்போது அதைச் சொந்தப் பெயராகச் சேர்த்துவிடக் கூடாது. எழுத்துக்கூட்டலும் நாட்டுக்கு நாடு மாறும். ஆப்ரமோவிச் என்ற குடும்பப் பெயர் மட்டும் அரோல்சென் அட்டைகளில் எண்ணூறுக்கும் மேற்பட்ட விதமாக எழுதப்பட்டிருக்கிறது. ஒரே எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டு, இல்லை என்று மூடிவிடாதீர்கள். ஊர்ப்பெயரும் அப்படியே. லெம்பெர்க், ல்வூவ், லிவிவ் மூன்றும் ஒரே நகரம்.

யூதர்கள் தாங்களே எழுதி வைத்ததைப் பார்க்காமல் விடுவதுதான் எனக்கு அதிகம் வலிக்கும் தவறு. யூதர்களை அடைத்து வைத்த பகுதியான வார்சா கெட்டோவில் வரலாற்றாசிரியர் இம்மானுவேல் ரிங்கல்புளூமும் தோழர்களும் பட்டினிக்கு நடுவே நாட்குறிப்புகள், ரேஷன் அட்டைகள், குழந்தைகளின் கட்டுரைகள் என்று சேகரித்தார்கள். அவற்றைத் தகரப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் வைத்து மண்ணில் புதைத்தார்கள். 1946-இல் ஒரு பகுதியும் 1950-இல் இன்னொரு பகுதியும் தோண்டி எடுக்கப்பட்டன. மூன்றாவது பகுதி இன்றுவரை கிடைக்கவில்லை. கெட்டோவில் மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை அறிய எஸ்.எஸ். அறிக்கையைவிட இந்தப் பக்கங்கள்தான் முதலில் படிக்க வேண்டியவை. ஜெருசலேமில் உள்ள இனப்படுகொலை நினைவகமான யாத் வஷேமில், கொல்லப்பட்டவர்களைப் பற்றி உறவினர்களும் அயலார்களும் நிரப்பிக் கொடுத்த சாட்சியப் பக்கங்களும் உண்டு. ஒரே ஆளுக்குப் பலர் எழுதியிருக்கலாம். எனவே பக்கங்களை எண்ணி ஆட்களின் தொகையைச் சொல்ல முடியாது. அவற்றில் பிறந்த ஆண்டு முன்னே பின்னே இருந்தால், அதைப் பொய்யென்று எடுத்துக்கொள்வதும் தவறு.

1945-க்குப் பிந்தைய தாள்களுக்கும் இதே கவனம் வேண்டும். ஆஷ்விட்ஸில் உயிர் தப்புவதற்காக வயதைக் கூட்டிச் சொன்ன சிறுவர்கள் உண்டு. அந்தப் பொய்யான பிறந்த தேதி பிறகு அகதி முகாம் படிவத்திலும் தொடர்ந்திருக்கும். மேற்கு ஜெர்மனியின் 1956 இழப்பீட்டுச் சட்டம் சிறைப்பட்ட ஒவ்வொரு முழு மாதத்துக்கும் 150 மார்க் வீதம் கணக்குப் போட்டது. அதனால் அந்தக் கோப்புகளில் தேதிகளும் மாதக் கணக்கும்தான் நிறைய இருக்கும். சட்டம் கேட்காத துயரம் பெரும்பாலும் இருக்காது. இறந்த தேதி 8-5-1945 என்றிருந்தால் நிதானியுங்கள். எங்கே, எப்போது இறந்தார் என்று தெரியாத பலருக்குச் சட்டத்துக்காகக் குறிக்கப்பட்ட நாள் அது.

ஒரு தாளைத் தரவிறக்கும்போது பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். வேறு முகாமுக்கு மாற்றிய குறிப்பு பல அட்டைகளில் அங்கேதான் இருக்கும். தொகுப்பின் பெயரையும் கோப்பு எண்ணையும் படத்தோடு எழுதி வையுங்கள். அவை இல்லாமல் பகிர்ந்தால், அது உண்மையா என்று கேட்பவருக்குக் காட்ட நம்மிடம் ஒன்றும் இருக்காது.