காலடி மண்ணில் ஒரு விளக்கு: சக்கரம் இல்லாமல் கையாலேயே செய்வது எப்படி

வழிபடும் இடத்தில் வைக்க ஒரு சின்ன எண்ணெய் விளக்கு செய்யப் போகிறோம். சக்கரம் வேண்டாம், பாக்கெட் களிமண்ணும் வேண்டாம், தினமும் மிதித்து நடக்கிற மண்ணே போதும். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவராக இருந்தாலும் செய்முறை ஒன்றுதான். ஆனால் கடைசியில் மேலே பெயின்ட் பூசி மறைக்கிற எண்ணம் இருந்தால் இவ்வளவு மெனக்கெட வேண்டாம், மண்ணின் நிறம் தெரியட்டும் என்பதற்காகத்தான் இத்தனை பாடும்.

முதலில் மண். வேரும் மக்கிய இலையும் உள்ள மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு ஒன்றிரண்டு அடி கீழே தோண்டுங்கள் (சொந்த இடம் இல்லையென்றால் கேட்டுவிட்டு). ஒரு பிடியை நனைத்து, பென்சில் தடிமனுக்கு உருட்டி, விரலைச் சுற்றி வளைத்துப் பாருங்கள். லேசாகக் கீறல் விட்டால் பரவாயில்லை, பொலபொலவென்று உதிர்ந்தால் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான். அப்புறம் காய்ந்த துண்டு ஒன்றில் நாலு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் உள்ளே சுண்ணாம்பு இருக்கிறது. நான் ஒருமுறை இந்தச் சோதனையைச் செய்யாமல் விட்டேன். சூளையிலிருந்து அழகாக வந்த விளக்கு, பத்து நாள் கழித்து அங்கங்கே சில்லுச் சில்லாகப் பெயர்ந்தது, ஏனென்றால் சூட்டில் வெந்த சுண்ணாம்புத் துணுக்கு காற்றின் ஈரத்தைக் குடித்து உப்பி, மேலே மூடியிருக்கும் மண்ணைத் தள்ளிவிடும்.

அடுத்தது சுத்தம் செய்வது. மண்ணை முழுக்கக் காயவைத்துவிட்டுத் தண்ணீரில் போடுங்கள், தானாகவே பொங்கிக் கரையும். ஈரக் கட்டியாகப் போட்டால் நாள் கணக்கில் கட்டியாகவே கிடக்கும். கரைந்த குழம்பை மெல்லிய சல்லடையில் வடிகட்டி, தெளிந்த தண்ணீரை இறுத்துவிட்டு, பழைய துணியில் ஊற்றிக் கையில் ஒட்டாத பதம் வரும்வரை விடுங்கள். பத்துப் பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மெல்லிய மணல் சேர்த்தால் விரிசல் குறையும். காற்றுக் குமிழ் போகப் பிசையுங்கள். காய்ந்த மண்ணை உடைக்கும்போது முகக்கவசம் கட்டாயம், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

சரி, இப்போது கை. உள்ளங்கையில் அடங்குகிற உருண்டை எடுத்து, கட்டைவிரலை நடுவில் இறக்கி, அடியில் ஒரு விரல் தடிமன் விட்டுவிட்டு, உருண்டையைச் சுழற்றிக்கொண்டே கீழிருந்து மேலாகக் கிள்ளிக் கிள்ளி எடுங்கள். சுவர் 6 முதல் 8 மில்லிமீட்டர் இருக்கட்டும். விளிம்பின் ஓரிடத்தை வெளிப்பக்கமாக இழுத்தால் திரி நிற்க மூக்கு கிடைத்துவிடும். விரல் தடத்தை அழித்து வழவழப்பாக்கத்தான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும், விட்டுவிடுங்கள். 16ஆம் நூற்றாண்டில் ஜப்பானின் கியோட்டோவில் சோஜிரோ என்ற குயவர், சென் நோ ரிக்யூ என்ற தேநீர்ச் சடங்கு ஆசானுக்காகச் செய்த ‘ராகு’ (Raku) வகைத் தேநீர்க் கிண்ணங்களும் சக்கரம் இல்லாமல் கையால் எடுத்தவைதான்.

பாதி காய்ந்து, அழுத்தினால் நெளியாமல் தடம் மட்டும் விழுகிற பதத்தில் அடையாளம் பதிக்கலாம். மண் எடுத்த இடத்தில் விழுந்து கிடந்த இலை, விதை, அல்லது உங்கள் நம்பிக்கையின் சின்னம், எதுவானாலும் ஒன்றே ஒன்று. என் முதல் விளக்கில் நாலைந்து சின்னங்களை ஆழமாகக் கீறி வைத்தேன், காயும்போது அத்தனை கோடும் விரிசலானது. சுவரின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆழம் வேண்டாம். உள்பக்கத்தை மட்டும் வழவழப்பான கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றுங்கள்.

நிழலில், துணி போர்த்தி, ஒரு வாரம் காயட்டும். கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. அந்த நிலையில் சுட்டால் உள்ளே நீராவி கட்டி வெடித்துவிடும், பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து.

சுடுவதற்கு மின்சூளை வைத்திருப்பவரிடம் கொடுப்பது நல்லது, தோண்டியெடுத்த மண் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். 100 டிகிரி செல்சியஸ் தாண்டும்வரை மிக மெதுவாக ஏற்ற வேண்டும், 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் (மணலில் இருக்கும் படிகக் கனிமம்) திடீரென விரிவதால் அங்கேயும் அவசரம் கூடாது. ஏறும்போது மட்டுமில்லை, ஆறும்போதும். 950க்குப் பக்கத்தில் நிறுத்திவிடலாம். அதிகம் போனால் சில மண் உருகிச் சூளைத் தட்டிலேயே ஒட்டிக்கொள்ளும், அதனால் விளக்குக்கு அடியில் ஒரு பழைய ஓடு வைக்கச் சொல்லுங்கள். பழுப்பாகப் போன மண் சிவப்பாக வரலாம், அது இரும்புச் சத்தின் வேலை.

மெருகேற்றினாலும் இந்த விளக்கு கொஞ்சம் எண்ணெய் கசியும். கீழே ஒரு தட்டு வைத்துவிட்டுத் திரியை ஏற்றுங்கள்.