கிளினிக் நாளுக்கு மட்டும் நல்ல பிள்ளை: கர்ப்பகால நீரிழிவில் நாம் விடும் தவறுகள்

வெள்ளவத்தைச் சந்தையில் கங்குன் கீரைக்குப் பேரம் பேசிக்கொண்டு நிற்கும்போதுதான் ரிப்போர்ட் வந்துவிட்டதாகக் கணவர் ஃபோன் எடுத்தார். எனக்கு அப்போது 26ஆவது வாரம். அதற்கு முதல் நாள் வெறும் வயிற்றோடு போய், 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குமட்டக் குமட்டக் குடித்துவிட்டு, இரண்டு மணித்தியாலம் கதிரையில் இருந்து மூன்று தடவை இரத்தம் கொடுத்திருந்தேன். வெறும் வயிற்றில் இரத்தச் சீனி 97 (mg/dL கணக்கில்). மற்ற இரண்டு இலக்கங்களும் எல்லைக்குக் கீழே.

"மூண்டில ரெண்டு சரிதானே பிள்ளை, பயப்பிடாதை" என்றார் மாமி. எனக்கும் அது ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் இந்தச் சோதனையில் மூன்றுக்கு இரண்டு பாஸ் என்ற கணக்கே கிடையாது. வெறும் வயிற்றில் 92, ஒரு மணித்தியாலத்தில் 180, இரண்டு மணித்தியாலத்தில் 153. இதில் ஏதாவது ஒன்றைத் தொட்டாலே கர்ப்பகால நீரிழிவுதான். சீனி அளவைப் பரீட்சைப் புள்ளி போலப் பார்க்கும் பழக்கம் எனக்கு அன்று தொடங்கியது. பிறகு விட்ட பிழைகளில் பாதி அதிலிருந்து வந்தவை.

பெரிய பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன். அடுத்த கிளினிக்கில் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு சீனி பார்ப்பார்கள் என்று தெரியும். அன்று காலை இரண்டு கிரீம் கிராக்கர், ஒரு பிளேன் டீ. அவ்வளவுதான். இலக்கம் 104. கிளினிக் புத்தகத்தில் அழகாக எழுதினார்கள், நானும் சந்தோஷமாக வீட்டுக்கு வந்து மத்தியானம் ஒரு கோப்பை சோறு சாப்பிட்டேன். இரண்டு கிழமை கழித்து ஸ்கானில் பிள்ளையின் வயிற்றுச் சுற்றளவு வாரத்துக்குரியதை விடக் கூடுதலாக இருந்தது. டொக்டர் புத்தகத்தைப் பார்த்தார், ஸ்கானைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

தாயின் இரத்தத்தில் கூடும் குளுக்கோஸ் நச்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகிறது. தாயின் இன்சுலின் போவதில்லை. அதனால் பிள்ளையின் கணையம் தானே கூடுதலாக இன்சுலின் சுரந்து அந்தச் சீனியைக் கொழுப்பாக்கிச் சேர்க்கிறது. பிள்ளை பெரிதானால் பிரசவத்தில் தோள் சிக்கலாம். பிறந்து கொடி வெட்டியதும் சீனி வரத்து சட்டென்று நிற்கும், பிள்ளையின் இன்சுலின் உடனே குறையாது, பிள்ளையின் சீனி மட்டுமீறி இறங்கிவிடலாம். அதனால்தான் இப்படிப் பிறக்கும் குழந்தைகளின் குதிக்காலில் குத்தி இரத்தச் சீனி பார்க்கிறார்கள். நான் கிளினிக்கை ஏமாற்றிய அந்த 104 பிள்ளைக்கு எந்த உதவியும் செய்யவில்லை. சோதனை நாளிலும் வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிடுங்கள். குளுக்கோஸ் குடிக்கும் சோதனைக்கு முந்திய நாட்களிலும் சோற்றைக் குறைக்க வேண்டாம், குறைத்தால் முடிவு சரியாக வராது.

"நீ முந்தி இனிப்பு கூடத் தின்னினதாலதான்" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். நச்சுக்கொடி சுரக்கும் ஹோர்மோன்கள் இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. கர்ப்பம் வளர வளர அந்தத் தடையும் வளரும். அதற்கு ஈடாக இன்சுலின் சுரக்க முடியாதவர்களுக்குச் சீனி ஏறுகிறது. குடும்பத்தில் சலரோகம், கூடின எடை, வயது எல்லாம் வாய்ப்பைக் கூட்டும். தெற்காசியராகப் பிறந்ததும் ஒரு காரணம்தான், அதற்கு யாரைக் குறை சொல்வது?

பயத்தில் பட்டினி கிடப்பது அடுத்தது. இரவுச் சாப்பாட்டை விட்டால் காலை இலக்கம் இறங்கும் என்று நினைத்தேன், இறங்கவில்லை. நாம் உறங்கும்போதும் ஈரல் சீனியை இரத்தத்துக்குள் விட்டுக்கொண்டே இருக்கும். வெறும் வயிற்று இலக்கத்தில் பெரும் பங்கு அதற்குத்தான், முந்திய நாள் தின்ற வட்டிலப்பத்துக்கு அல்ல. நீண்ட பட்டினியில் உடல் கொழுப்பை எரித்துக் கீற்றோன் உண்டாக்கும், அது கர்ப்பத்துக்கு நல்லதில்லை. மூன்று வேளையும் அளவாகச் சாப்பிட்டு, இடையில் அவித்த கடலையோ ஒரு கொய்யாப்பழமோ எடுப்பதே எனக்குச் சரிவந்தது.

சரி, என்ன சாப்பிடுவது? தேத்தண்ணிக்குச் சீனியை நிறுத்திவிட்டு நான்கு துண்டு பாண் சாப்பிடுகிறவர்கள் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள். பாணும் சோறும் இடியப்பமும் பிட்டும் வயிற்றுக்குள் போனால் குளுக்கோஸ்தான். சிவப்பரிசியும் குரக்கனும் சற்று மெதுவாக ஏற்றும், ஆனாலும் ஏற்றும். "சிவப்பரிசிதானே" என்று கோப்பை நிறையப் போட்டால் வெள்ளைச் சோற்றின் கதைதான். கோப்பையில் பாதி மரக்கறியும் கீரையும், கால் பங்கு மீன், முட்டை அல்லது பருப்பு, மிச்சக் கால் பங்கு சோறு. சம்பலையும் சொதியையும் நம்பி எட்டு இடியப்பம் இறக்குவதை விட, நான்கு இடியப்பத்தோடு ஒரு முட்டையும் வல்லாரைச் சம்பலும் எவ்வளவோ மேல். கிளினிக்கில் தரும் திரிபோஷ என்ற சத்துமாவில் சோளமும் இருக்கிறது. சத்தானதுதான், ஆனால் அதையும் மாச்சத்துக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

செவ்விளநீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காலி வீதியில் வெயிலில் நடந்தால் கை தானாக அதற்குத்தான் போகும். "உடம்புக்குக் குளிர்ச்சி" என்று எல்லோரும் வாங்கித் தருவார்கள். அதில் இருப்பதும் சீனிதான். பழச்சாறும் அப்படியே. பழத்தைக் கடித்துச் சாப்பிடுங்கள்.

வீட்டில் குத்திப் பார்ப்பவர்கள் நேரத்தைச் சாப்பிட்டு முடித்ததிலிருந்து எண்ணுகிறார்கள். முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து எண்ண வேண்டும். பொதுவாக வெறும் வயிற்றில் 95, ஒரு மணித்தியாலத்தில் 140, இரண்டு மணித்தியாலத்தில் 120. இவற்றுக்குக் கீழே இருக்கப் பார்ப்பார்கள், உங்கள் டொக்டர் வேறு எல்லை சொன்னால் அதுதான் கணக்கு. கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். மாம்பழம் வெட்டிய விரலில் 190 வந்து நான் ஒரு மணித்தியாலம் அழுதிருக்கிறேன்.

31ஆவது வாரத்தில் எனக்கு இன்சுலின் தொடங்கினார்கள். "ஊசி தொடங்கினால் சாகும்வரை விடாது" என்ற பேச்சு எங்கள் கட்டடத்தின் மூன்று மாடிக்கும் ஒரே நாளில் பரவியது. பெரும்பாலானோருக்கு நச்சுக்கொடி வெளியே வந்ததோடு ஊசியும் நின்றுவிடும், எனக்கும் நின்றது. வயிற்றுத் தோலுக்குக் கீழுள்ள கொழுப்பில் போடும் அந்தச் சின்ன ஊசி பிள்ளையைத் தொடாது. மனம் ஒப்பாவிட்டால் தொடையில் போடலாமா என்று கேளுங்கள். வாரம் போகப் போக அளவு கூட்டினால் நீங்கள் தோற்றுவிட்டீர்கள் என்று அர்த்தமில்லை, நச்சுக்கொடி வேலை செய்கிறது. மாறாக, கடைசி வாரங்களில் தேவை திடீரென்று குறைந்தால் அன்றே டொக்டரிடம் சொல்ல வேண்டும். கொழும்புச் சூட்டில் புது மருந்தைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள், ஐஸ் பெட்டியில் வேண்டாம், உறைந்தால் பழுது. ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வேலையில் மூழ்கினால் கை நடுங்கி வியர்க்கும். 70க்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள். அந்த நேரத்தில் மட்டும் சீனி மருந்து.

தெபு இலை, பாகற்காய்ச் சாறு, யாரோ அனுப்பிய தூள்: ஊசிக்குப் பதிலாக இவற்றை எடுக்க வேண்டாம். எடுத்திருந்தால் மறைக்கவும் வேண்டாம்.

நடைக்குக் கடற்கரையும் சுதந்திரச் சதுக்கமும்தான் வேண்டும் என்றில்லை. மழை நாட்களில் சாப்பிட்டபின் எங்கள் மாடி நடையில் 15 நிமிடம் அங்குமிங்கும் நடந்தேன். டொக்டர் ஓய்வில் இருக்கச் சொல்லியிருந்தால் அதுவும் வேண்டாம்.

பிள்ளை பிறந்து ஊசி நின்றதும் எல்லோரும் மறந்துவிடும் ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய ஆறு கிழமையில் அதே 75 கிராம் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். இந்த வருத்தம் வந்தவர்களுக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களை விடப் பல மடங்கு. அதனால் அதற்குப் பிறகும் ஆண்டுக்கொரு தடவை பார்ப்பது நல்லது. தாய்ப்பால் கொடுப்பது உங்களுக்கும் உதவும். சோதனைக்குப் போகும்போது யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். வெறும் வயிற்றோடு இரண்டு மணித்தியாலம் இருக்க வேண்டும், பிள்ளை அழுதால் தூக்கிக்கொண்டு நடக்க நீங்கள் எழும்பக்கூடாது.