டர்பனிலிருந்து போய் பாப்ஸ்லெட்டில் ஏறுவது எப்படி?

நாம் இங்கே டிசம்பர் வெயிலில் வேர்த்துக்கொண்டிருக்கும்போதுதான் சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸில் பாப்ஸ்லெட், அதாவது பனிக்கட்டித் தடத்தில் வேகமாகச் சறுக்கி இறங்கும் வண்டி, ஓடும் பனித்தடத்தைத் திறக்கிறார்கள், அதனால் பிள்ளைகளின் விடுமுறையிலேயே போய்வந்துவிடலாம். முதல் வேலை ஷெங்கன் விசா, அதாவது சுவிட்சர்லாந்து உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா. தென்னாப்பிரிக்க பாஸ்போர்ட்டுக்கு அது கட்டாயம், கடைசி நேரத்தில் அலையாமல் செப்டம்பரிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து சூரிக் வரை நேரடி விமானம், அப்புறம் கூர் என்ற ஊர் வழியாக செயின்ட் மோரிட்ஸுக்கு ரயில்.

தடத்தின் நீளம் 1722 மீட்டர். 1904இல் தொடங்கிய இந்தத் தடத்துக்குக் குளிரூட்டும் இயந்திரமே கிடையாது, ஒவ்வொரு ஆண்டும் பனியையும் தண்ணீரையும் குழைத்துப் புதிதாகக் கட்டுகிறார்கள், எனக்கு அதுதான் பெரிய அதிசயம்!

நால்வர் வண்டியில் முன்னால் ஓட்டுநர், கடைசியில் பிரேக் பிடிப்பவர், நடுவில் நம்மைப் போன்ற இரண்டு பேர். ஹெல்மெட் மாட்டியதும் வண்டிக்குள் இருக்கும் கைப்பிடியை இறுகப் பிடித்து, தோள்களைக் காதுவரை உயர்த்தி, கழுத்தை விறைப்பாக வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் வேகம் மணிக்கு 130 கிலோமீட்டரைத் தொடும், ஹார்ஸ்ஷூ என்ற லாட வடிவ வளைவில் உடம்பே பல மடங்கு கனத்துப்போகும், அங்கே தலை தொங்கினால் நிமிர்த்துவது கடினம். ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல்தான், முடிந்துவிடும்.

கழுத்து வலி, முதுகு வலி, இதயக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஏறவே கூடாது. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டும் வேண்டாம். வானிலை கெட்டால் ஓட்டம் நின்றுவிடும், ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர்கள் விரதம் தொடங்கும் தேதியைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.