ஈர்க்குச்சியால் ஒரு முக்கோணப் பாடம்

விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, 5 செ.மீ. நீளத்தில் இரண்டு துண்டுகளாக நறுக்கிக்கொள்ளுங்கள். அப்புறம் ஜியோமெட்ரி பாக்ஸும் ஒரு வெள்ளைத்தாளும் போதும்.

படி 1: இரண்டு துண்டுகளின் முனைகளையும் ஓரிடத்தில் சேர்த்துத் தாளில் வையுங்கள். பாகைமானியை வைத்து 60°க்கு விரியுங்கள். விரிந்து நிற்கும் இரு முனைகளுக்கு நடுவே உள்ள தூரம்தான் மூன்றாவது பக்கம். அளந்தால் 5 செ.மீ. வரும். சமபக்க முக்கோணம்!

இந்த மூன்றாவது பக்கம், நாம் விரித்த கோணத்தின் எதிர்ப்பக்கம். எதிர்ப்பக்கம் என்றால் அந்தக் கோணத்தைத் தொடாத பக்கம். இதில் குழம்பினால் மேற்கொண்டு எல்லாமே குழம்பும்.

படி 2: இப்போது 90°க்கு விரியுங்கள். சுமார் 7.1 செ.மீ. வரும். சரி, 120°க்கு? கோணம் 60°ஐப் போல இரண்டு மடங்கு, அதனால் பக்கம் 10 செ.மீ. என்று தோன்றும். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். அளந்து பாருங்கள், 8.7 தான். கோணம் பெரிதானால் எதிர்ப்பக்கமும் பெரிதாகும். ஆனால் அதே மடங்கில் அல்ல.

10 செ.மீ. வேண்டுமென்றால் 180°க்கு விரிக்க வேண்டும். அப்போது குச்சிகள் நேர்கோடாகப் படுத்துவிடும், முக்கோணமே இருக்காது. இரு பக்கங்களைக் கூட்டினால் மூன்றாவதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்ற விதி இதுதான்.

படி 3: பாக்ஸில் உள்ள 30-60-90 மூலைமட்டத்தின் வெளி விளிம்புகளை அளக்கவும். 30°க்கு எதிரே உள்ளது சிறியது, 90°க்கு எதிரே உள்ள கர்ணம் அதைப் போல இரு மடங்கு. 60°க்கு எதிரே உள்ளது சுமார் 1.73 மடங்கு. கோணங்கள் 1:2:3, பக்கங்களோ 1:1.73:2. இதே கோணங்களின் சைன் (செங்கோண முக்கோணத்தில் எதிர்ப்பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்தால் வரும் எண்) மதிப்புகளைப் பாருங்கள்: 0.5, 0.866, 1. முதல் எண்ணால் வகுத்தால் அதே 1:1.73:2! பக்கங்கள் கோணங்களின் விகிதத்தில் இல்லை, அவற்றின் சைன் விகிதத்தில் இருக்கின்றன. எல்லா முக்கோணங்களுக்கும் பொருந்தும் சைன் விதி இது.

படி 4: கொத்தனார்கள் சுவர் மூலை பார்க்கும் 3-4-5 கணக்கை உங்கள் மேசையில் போட்டுப் பாருங்கள். மூலையிலிருந்து ஒரு விளிம்பில் 30 செ.மீ., மற்றதில் 40 செ.மீ. குறித்து, குறுக்கே டேப் பிடியுங்கள். 50 வந்தால் மூலை சரியாக 90°. குறைந்தால் குறுங்கோணம். 51 வந்தால் மூலை சுமார் 92.4°க்கு விரிந்திருக்கிறது.