குவாரன்டீன்: பொருள், பிறப்பு, பயன்படுத்தும் முறை

முதலில் உச்சரிப்பு. பலர் 'குவாரன்டைன்' என்கிறார்கள். கடைசி அசை 'டைன்' அல்ல, 'டீன்'. கேன்டீன் முடிவது போலத்தான் முடியும். அழுத்தம் முதல் அசையில் விழவேண்டும்.

அடுத்தது பொருள். இங்கேதான் அதிகம் சறுக்குகிறார்கள். நோய் தொற்றியிருக்கலாம் என்ற சந்தேகத்தில், அறிகுறி எதுவும் தெரியாதவரைக் கொஞ்ச காலம் ஒதுக்கி வைத்துக் கவனிப்பது குவாரன்டீன். நோய் உறுதியானவரைப் பிரித்து வைப்பது ஐசொலேஷன். தமிழில் இரண்டையுமே 'தனிமைப்படுத்தல்' என்று எழுதிப் பழகிவிட்டதால், ஆங்கிலத்திலும் ஒன்றுக்கு மற்றொன்றைப் போட்டுவிடுகிறோம். எழுதும் முன், நோய் இருப்பது தெரிந்துவிட்டதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சொல் பிறந்தது வெனிஸ் பேச்சுமொழியில். நாற்பது நாள் கெடு என்று பொருள். 1377இல் ரகூசா நகரம், இன்றைய குரோவேஷியாவின் துப்ரோவ்னிக், கொள்ளைநோய் கண்ட ஊர்களிலிருந்து வருபவர்கள் 30 நாள் வெளியே தங்கிய பிறகே உள்ளே வரலாம் என்று சட்டம் போட்டது. பின்னாளில் அது 40 ஆனது. பெயர் அதிலேயே நிலைத்துவிட்டது. ஆங்கிலத்தில் அந்தக் கணக்கு உதிர்ந்துபோயிற்று. 1969இல் நிலவிலிருந்து திரும்பிய அப்பல்லோ 11 வீரர்களை 21 நாள் கணக்கில் அடைத்து வைத்ததும் குவாரன்டீன்தான். இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளர்கள் கடல் கடக்கும் முன் தங்கவைக்கப்பட்ட, ராமேஸ்வரம் அருகே மண்டபம் என்ற ஊரில் இருந்த முகாமும் அப்படிப்பட்ட இடமே. அங்குள்ள ரயில் நிலையத்தின் பெயரில் அந்த 'முகாம்' இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இனி வாக்கியம். 'ஐ ஆம் குவாரன்டீன்' தவறு; 'ஐ ஆம் இன் குவாரன்டீன்' சரி. இந்த 'இன்' வந்தால் நடுவில் 'தி' வேண்டாம். கால அளவு முன்னால் வந்தால் 'எ டென்-டே குவாரன்டீன்'. 'டேஸ்' என்று பன்மை ஆக்காதீர்கள். வினைச்சொல்லாக வந்தால், அதிகாரிகள் ஒருவரை ஒதுக்கியதற்கு 'ஹி வாஸ் குவாரன்டீன்ட் ஃபார் டென் டேஸ்'. 'பத்து நாளாக' என்பதை நினைத்து 'சின்ஸ் டென் டேஸ்' என்று எழுதுவது நம்மவர்களிடம் வேரூன்றிய பிழை. கால அளவுக்கு 'ஃபார்', தொடங்கிய நாளுக்கே 'சின்ஸ்': 'ஹி ஹேஸ் பீன் இன் குவாரன்டீன் சின்ஸ் மண்டே'.

கணினியிலும் இச்சொல்லைப் பார்ப்பீர்கள். வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒரு ஃபைலைக் குவாரன்டீன் செய்ததாகச் சொன்னால், அது அழிந்துவிடவில்லை. இயங்க முடியாதபடி தனி இடத்தில் பூட்டப்பட்டிருக்கிறது. நம்பகமான ஃபைல்தான் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் 'ரீஸ்டோர்' அழுத்துங்கள்.