தெருவுக்கு ஒரு சிபிஆர் வகுப்பு: முதல் முறையாக நடத்துபவர்களுக்கு

ஒருவர் திடீரென்று சுருண்டு விழுந்தால் நம் ஊரில் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளிப்பார். இன்னொருவர் சோடா வாங்க ஓடுவார். "வலிப்பு போலிருக்கிறது" என்று யாராவது சொல்லிவிட்டால் சாவிக் கொத்து கையில் திணிக்கப்படும். கடைசியில் நாலு பேர் தூக்கி ஆட்டோவில் மடித்துப் போடுவார்கள். யாருடைய நல்ல மனத்தையும் குறை சொல்ல முடியாது. ஆனால் நின்றுபோன இதயத்துக்கு இவற்றில் ஒன்றும் உதவாது. அப்போது தேவைப்படுவது நெஞ்சை அழுத்தும் இரண்டு கைகளும், கூடவே 108-க்கு ஓர் அழைப்பும்தான். இப்படி நெஞ்சை அழுத்தும் முதலுதவிதான் சிபிஆர். எதுவும் செய்யாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைந்துகொண்டே போகிறது. இதயம் நிற்பது பெரும்பாலும் வீட்டில்தான் என்பதால், அந்தக் கைகள் உறவினருடையதாகவோ பக்கத்து வீட்டுக்காரருடையதாகவோதான் இருக்க முடியும்.

உங்கள் தெருவிலோ அடுக்குமாடிக் குடியிருப்பிலோ ஒன்றரை மணி நேர வகுப்பு ஒன்றை எப்படி நடத்துவது என்று வரிசையாகச் சொல்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பேச்சைக் குறையுங்கள். படக்காட்சி போட்டு ஒரு மணி நேரம் இதயத்தின் அறைகளை விளக்கிவிட்டு, கடைசிப் பத்து நிமிடத்தில் மனித உருவப் பயிற்சிப் பொம்மையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லும் வகுப்புகளால் பயனில்லை. கைதான் கற்றுக்கொள்ள வேண்டும்.

1. ஆளும் பொம்மையும்

பயிற்சி பெற்ற ஒருவரை அழையுங்கள். அருகிலுள்ள மருத்துவக் கல்லூரியின் மயக்கவியல் துறை, செஞ்சிலுவைச் சங்கக் கிளை, புனித ஜான் ஆம்புலன்ஸ் என்று கேட்டுப் பார்க்க இடங்கள் உண்டு. ஐந்தாறு பேருக்கு ஒரு பொம்மையாவது இருக்க வேண்டும்.

1960-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் மூவர், மார்பைத் திறக்காமல் வெளியிலிருந்து அழுத்தியே ரத்த ஓட்டத்தைத் தக்கவைக்கலாம் என்று வெளியிட்ட கட்டுரையில், இதற்கு இரண்டு கைகள் போதும் என்று எழுதினார்கள். அதே ஆண்டில் நார்வேயைச் சேர்ந்த பொம்மைத் தயாரிப்பாளர் லேர்டால் பயிற்சிப் பொம்மையைக் கொண்டுவந்தார். இன்று பொம்மை கிடைக்காவிட்டால், இரண்டு லிட்டர் காலி பிளாஸ்டிக் பாட்டிலை மூடி இறுக்கி, பழைய சட்டைக்குள் கெட்டியான தலையணையோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம். உட்காரும் முறையும் வேகமும் அதில் பழகிவிடும். ஆழம் மட்டும் பொம்மையில்தான் சரியாக வரும். உயிரோடு நன்றாக இருக்கும் மனிதரைப் படுக்கவைத்து அழுத்திப் பழகக் கூடாது, விளையாட்டுக்குக்கூட.

யாரை அழைப்பது என்பதில்தான் பல சங்கங்கள் கோட்டை விடுகின்றன. வீட்டு உரிமையாளர்களுக்கு மட்டும் அறிவிப்பு போகிறது. வார நாளில் காலை பதினொரு மணிக்கு உங்கள் வளாகத்தில் இருப்பவர்கள் யார்? வாட்ச்மேன், வீட்டு வேலை செய்யும் பெண்கள், வாசலில் இஸ்திரி போடுபவர், ஓய்வு பெற்றவர்கள். இவர்கள் இல்லாத வகுப்பு பாதி வகுப்புதான். இவர்களுக்கு வசதியான நேரத்தைக் கேட்டு, அதற்கேற்ப வையுங்கள்.

2. முதல் பத்து நிமிடம்: எது எது

மாரடைப்பும் இதயத் துடிப்பு நிற்பதும் ஒன்றல்ல. வீட்டில் தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொள்வது மாரடைப்பு. மின்சாரமே போய்விடுவது துடிப்பு நிற்பது. முதலாவது இரண்டாவதில் கொண்டுபோய் விடலாம்.

மாரடைப்பு வந்தவர் பெரும்பாலும் பேசுவார். நெஞ்சில் பாரம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை என்று சொல்வார். "வாயுப் பிடிப்புதான், ஓமத் தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும்" என்றும் சொல்வார். இதை நம்பி இரவு முழுவதும் காத்திருக்கக் கூடாது. உட்காரவையுங்கள், மாடிப்படி இறங்கவிடாதீர்கள், 108-ஐ அழையுங்கள். தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் மாரடைப்புக்கான முதல் வேளை மாத்திரைகளைக் கொடுக்க 'இதயம் காப்போம்' திட்டம் 2023 முதல் இருக்கிறது என்பதையும் சொல்லிவையுங்கள். கிராமத்தில் இருக்கும் பெற்றோருக்கு இந்தத் தகவல் போய்ச் சேரட்டும். மாரடைப்பு வந்து பேசிக்கொண்டிருப்பவரின் நெஞ்சை அழுத்தக் கூடாது.

3. அடையாளம் காண்பது

துடிப்பு நின்றவர் பேசமாட்டார். தோள்கள் இரண்டையும் பலமாகத் தட்டி, "ஐயா, கேட்கிறதா? அம்மா, கண்ணைத் திறங்க!" என்று உரக்கக் கூப்பிடச் சொல்லுங்கள். அசைவு இல்லை என்றால் மூச்சில் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அதிகபட்சம் 10 வினாடி. நாடி பிடித்துப் பார்க்கச் சொல்லிக்கொடுக்காதீர்கள்; பதற்றத்தில் தன் விரலின் துடிப்பையே அடுத்தவருடையது என்று நினைத்துக்கொள்வார்கள்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் பலருக்கு வாய் திறந்து திறந்து மூடும். குறட்டை போன்ற ஒரு இழுப்பு வரும். பிறகு நீண்ட இடைவெளி. மறுபடி ஓர் இழுப்பு. சுற்றி நிற்பவர்கள் "மூச்சு இருக்கிறது, பயமில்லை" என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பது இதைப் பார்த்துத்தான். இது மூச்சு அல்ல. பயிற்சியாளரைத் தரையில் படுத்து இதை நடித்துக் காட்டச் சொல்லுங்கள். முதலில் சிலர் சிரிப்பார்கள், பரவாயில்லை. காதில் விழுந்த சத்தம் மறக்காது. துடிப்பு நின்றவுடன் சில வினாடிகள் வலிப்பு போல உடல் உதறுவதும் உண்டு. உதறல் நின்ற பிறகும் விழிக்காமல், சரியாக மூச்சும் விடாமல் இருந்தால் சாவியைத் தேடாமல் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

மின்சாரம் தாக்கியவர் என்றால் தொடுவதற்கு முன் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். இதைத் தனியாக ஒரு முறை அழுத்திச் சொல்லுங்கள்.

4. யாராவது என்றால் யாருமில்லை

"யாராவது 108-க்குப் போன் போடுங்கள்" என்று கத்தினால் எல்லோரும் அடுத்தவர் போடுவார் என்று நிற்பார்கள். விரலை நீட்டி, "நீல சட்டை அண்ணா, 108-ஐக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போடுங்கள்" என்று சொல்லப் பழக்குங்கள். இன்னொருவர் வாசலுக்குப் போய் வண்டியைக் கைகாட்டி நிறுத்த வேண்டும். மூன்றாமவர் லிஃப்டைத் தரைத்தளத்தில் பிடித்து வைக்க வேண்டும். மண்டியிட முடியாத பெரியவர்களுக்கு இந்த வேலைகளைக் கொடுங்கள். முழங்கால் வலி என்று ஓரமாக உட்கார்ந்திருக்கும் பாட்டி, உரக்க எண்ணுவதற்குப் பொருத்தமான ஆள்.

ஆட்டோவில் தூக்கிப் போடுவது வேண்டாம் என்பதை இந்த இடத்தில் சொல்லுங்கள். ஓடும் ஆட்டோவில் நெஞ்சை அழுத்த முடியாது. விழுந்த இடத்திலேயே அழுத்த வேண்டும். கட்டிலில் கிடந்தால் மட்டும் தரைக்கு இறக்க வேண்டும். இலவம்பஞ்சு மெத்தை பாதி அழுத்தத்தைத் தானே வாங்கிக்கொள்ளும்.

5. அழுத்துவது

வகுப்பின் பாதி நேரம் இதற்குத்தான். முதலில் பயிற்சியாளர் ஒரு வார்த்தையும் பேசாமல் முழு வேகத்தில் செய்து காட்டட்டும். பிறகு விளக்கத்தோடு ஒரு முறை. அதன் பிறகு ஒவ்வொருவராக.

நெஞ்சின் நடுவில், நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு கையை வைக்க வேண்டும். அழுத்துவது விரல்கள் அல்ல, மணிக்கட்டை ஒட்டிய உள்ளங்கை மேடு. மற்றொரு கையை அதன்மேல் கோக்க வேண்டும். முழங்கை மடங்கக் கூடாது. தோள்கள் கைகளுக்கு நேர் மேலே வர வேண்டும். புடவையில் இருப்பவர்கள் கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு மண்டியிட்டுப் பழகட்டும். அன்றைக்கும் புடவையில்தான் இருப்பார்கள். கண்ணாடி வளையல்களை முழங்கைப் பக்கம் தள்ளிவிட்டுக்கொள்ளலாம்.

ஆழம் 5 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, 6-ஐத் தாண்டக் கூடாது. மூன்று விரல்களைச் சேர்த்து வைத்தால் வரும் அகலம் என்று காட்டினால் புரிந்துகொள்வார்கள். ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுதாக மேலே எழ வேண்டும். களைத்தவர்கள் கையை எடுக்காமல் நெஞ்சின் மேலேயே சாய்ந்துவிடுவார்கள். அப்போது இதயத்தில் ரத்தம் நிரம்புவதில்லை.

வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. தமிழில் எண்ணும்போது இதில் ஒரு சிக்கல் வரும். ஓர் அழுத்தத்துக்குக் கிடைப்பது அரை வினாடிதான். பத்துவரை நாக்கு தாக்குப்பிடிக்கும். "இருபத்தேழு, இருபத்தெட்டு" என்று போகும்போது கை எண்ணுக்காகக் காத்திருக்க ஆரம்பித்து, வேகம் விழுந்துவிடும். அதனால் ஒன்று முதல் பத்துவரை திரும்பத் திரும்ப எண்ணச் சொல்லுங்கள். கைபேசியில் தாள ஒலி தரும் செயலியை 110-ல் வைத்துப் பக்கத்தில் ஓடவிட்டாலும் நல்லது.

ஒவ்வொருவரையும் முழு 2 நிமிடம் அழுத்தவிடுங்கள். ஒரு நிமிடத்திலேயே மூச்சு வாங்கும். உடற்பயிற்சிக் கூடம் போகும் இளைஞர்களுக்கும்தான். 2 நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாற வேண்டும் என்பது அப்போதுதான் உடம்புக்குப் புரியும். மாறும்போது இடைவெளி விடாமல் இருக்க, அடுத்தவர் எதிர்ப்பக்கம் மண்டியிட்டுத் தயாராக இருக்க வேண்டும்.

வாயோடு வாய் வைத்து ஊதுவது பற்றி நிச்சயம் கேட்பார்கள். பயிற்சி இல்லாத பொதுமக்கள் பெரியவர்களுக்கு நெஞ்சை மட்டும் இடைவிடாமல் அழுத்தினால் போதும். இந்திய மயக்கவியல் வல்லுநர்கள் பொதுமக்களுக்காக வகுத்த முறையும் அதுதான். நீரில் மூழ்கியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் மூச்சு கொடுப்பது அவசியம். அதற்கு இன்னொரு வகுப்பு வையுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் திணித்தால் ஒன்றும் நிற்காது.

6. தயக்கங்கள்

"விலா எலும்பு உடைந்துவிட்டால்?" உடையலாம். முதியவர்களுக்கு அடிக்கடி உடையும். சத்தம் கேட்டாலும் நிறுத்தக் கூடாது. கை நெஞ்சின் நடுவில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு தொடர வேண்டும்.

"போலீஸ், கேஸ் என்று வந்துவிட்டால்?" மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு உதவுபவரைக் காக்கிறது, ஆனால் அது சாலை விபத்துக்கு உரியது. வீட்டுக்குள் நடப்பதற்குப் பொருந்துவது நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-ஆவது பிரிவு: ஒப்புதல் பெற முடியாத நிலையில், ஒருவரின் நன்மைக்காக நல்லெண்ணத்துடன் செய்வது குற்றமாகாது.

மூன்றாவது தயக்கத்தை யாரும் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். விழுந்தவர் பெண் என்றால் ஆண்கள் பின்வாங்குகிறார்கள். நீங்களே பேச்சை எடுங்கள். ரவிக்கையின் மேலேயே அழுத்தலாம், எதையும் கழற்ற வேண்டியதில்லை. தாலிச் சங்கிலியை ஓரமாக ஒதுக்கினால் போதும். பெண்கள் இருவர் ஒரு துப்பட்டாவைத் திரையாகப் பிடித்துக்கொள்ளலாம். பொம்மைக்கு ஒரு முறை புடவை சுற்றி வைத்துப் பழகவிட்டால் பாதிக் கூச்சம் அங்கேயே கழிந்துவிடும்.

7. ஏஇடி கருவி

மின்னதிர்ச்சி கொடுத்து இதயத்தைச் சீராக்கும் பெட்டி. வளாகத்தில் இல்லாவிட்டாலும் ரயில் நிலையத்திலோ விமான நிலையத்திலோ கண்ணில் படலாம். திறந்து இயக்கினால் அதுவே பேசும். ஒரு பட்டையை வலது காறை எலும்புக்குக் கீழேயும், மற்றொன்றை இடது அக்குளுக்குக் கீழே விலாப் பக்கத்திலும் வெற்றுத் தோலில் ஒட்ட வேண்டும்; இதற்கு மட்டும் துணியை விலக்கியாக வேண்டும். வியர்வையைத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். தேவையில்லாதவருக்குக் கருவி அதிர்ச்சி தராது. அது விலகச் சொல்லும்போது யாரும் தொடக் கூடாது. முடிந்தவுடன் மீண்டும் அழுத்த வேண்டும்.

8. ஒத்திகை

கடைசி இருபது நிமிடம். பொம்மையை மூன்றாவது மாடியில் ஒரு வீட்டுக் குளியலறை வாசலில் போட்டுவிட்டு, கையில் நிறுத்துக் கடிகாரத்துடன் "ஆரம்பம்" என்று சொல்லுங்கள். குளியலறையில் மண்டியிட இடமில்லை, ஆளைக் கூடத்துக்கு இழுக்க வேண்டும் என்பது அப்போதுதான் தெரியும். லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையாது என்பதும், பின்வாசல் பூட்டின் சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாது என்பதும் வெளியே வரும். அழுத்துவதை எப்போது நிறுத்தலாம் என்பதையும் இங்கே சொல்லுங்கள்: அவர் அசைந்து சரியாக மூச்சுவிடும்போது, 108 ஊழியர்கள் பொறுப்பேற்கும்போது, அல்லது உங்களால் சுத்தமாக முடியாதபோது.

கற்றது மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மங்கத் தொடங்கும் என்பதால் அடுத்த வகுப்பின் தேதியை அன்றே குறித்துவிடுங்கள். ஒரு தாளில் குடியிருப்பின் முழு முகவரி, அருகிலுள்ள கோயில் அல்லது கடையின் அடையாளம், இரவில் திறந்திருக்கும் வாசல், வாட்ச்மேன் எண் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி லிஃப்டுக்குள் ஒட்டுங்கள். 108-இல் கேட்கும்போது, சொந்த வீட்டின் கதவு எண்ணே பலருக்கு நினைவுக்கு வராது.