ஆன்லைன்ல ழகரம் சொல்லிக்கொடுக்குறது எப்படி
2020 மார்ச் 27 லாக்டவுன் வந்தப்போதான் தென்னாப்பிரிக்காவுல டர்பன்ல நானும் ஜூம்ல தமிழ் கிளாஸ் ஆரம்பிச்சேன், எல்லாரையும் சேர்ந்து சொல்ல வச்சா குரல் முன்னபின்ன வந்து ஒண்ணுமே புரியாது, அதனால மியூட் பண்ணிட்டு ஒவ்வொருத்தரா சொல்ல வைங்க. ழ-வுக்குக் கேமராவ வாய்கிட்ட கொண்டுபோங்க, நாக்கு நுனி மடங்கணும் ஆனா அண்ணத்துல படக்கூடாது, ள-ன்னா படணும், வீட்ல இங்கிலீஷே கேக்குற புள்ளைங்களுக்கு இத கண்ணால காட்டினாதான் பிடிபடும். லோட்ஷெட்டிங், அதாவது முறை வச்சு கரண்ட் நிறுத்துறது, இருந்தா அது இல்லாத நேரமா பாத்து கிளாஸ் வைங்க. கரண்ட் போயிட்டா வாட்ஸ்அப்ல வாய்ஸ் நோட் போதும், வீடியோ டேட்டாவ தின்னுடும். புள்ளைங்களும் திருப்பி அனுப்பட்டும், டர்பன்ல சாட்ஸ்வொர்த் ஏரியா பொண்ணு ஒருத்தி 'வாளப்பளம்'னு சொன்னத பின்னாடி நின்ன பாட்டி திருத்துனது கேட்டுச்சு பாருங்க, கண்ணு கலங்கிருச்சு எனக்கு.